சிறுமூளை ஸ்ட்ரோக் சார்ட்: ஒரு ஐபி (உள்நோயாளி) கோடரின் அனுபவம்

ஸ்ட்ரோக் சார்ட் (நோயாளியின் மருத்துவப் பதிவு) என்றதும், அதிலுள்ள நோய்களுக்குக் கோடு, அதாவது குறியீடு, போடும் கோடர்கள் மனதில் வருவது பெரும்பாலும் ஒரே மாதிரி நோயாளிதான். வாய் கோணியிருக்கும், ஒரு பக்கக் கையும் காலும் விழுந்திருக்கும், பேச்சு குழறும் அல்லது அடியோடு போயிருக்கும். ஸ்கேனில் நடு மூளைத் தமனி அடைத்திருக்கும். ஸ்ட்ரோக்கின் தீவிரத்தை அளக்கும் என்ஐஹெச்எஸ்எஸ் மதிப்பெண் 15, 20 என்று எகிறும். டாக்டர்களும் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். பயிற்சி வகுப்புகளில் உதாரணமாகக் கொடுப்பதும் இந்தச் சார்ட்டைத்தான். அந்தப் பழக்கத்தோடு சிறுமூளை ஸ்ட்ரோக்கைத் திறந்தால் அது காலை வாரிவிடும்.

நான் பிசியோதெரபி படித்துவிட்டு மெடிக்கல் கோடிங்குக்கு வந்தவள். சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் உள்நோயாளிச் சார்ட்களுக்குக் கோடு போடுகிற வேலை. நர்சிங், பார்மசி, மைக்ரோபயாலஜி என்று லைஃப் சயின்ஸ் படித்த பலர் இந்தத் துறையில் இருக்கிறோம். பிசியோ கிளினிக்கில் சிறுமூளை பாதித்தவர்களை நடக்க வைத்த அனுபவம் எனக்கு இங்கே எதிர்பாராமல் கைகொடுத்தது. அவர்களுக்குத் தசை பலம் குறைந்திருக்காது. கையைப் பிடித்து இழுத்தால் நம்மைவிட வலுவாக இழுப்பார்கள். ஆனால் எழுந்து நின்றால் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுவார்கள். மூக்கைத் தொடச் சொன்னால் விரல் கன்னத்துக்குப் போகும். சார்ட்டில் "மோட்டார் 5/5" (தசை பலம் முழுமை) என்று இருப்பதைப் பார்த்து "இவருக்கு ஒன்றும் இல்லையே, எதற்கு அட்மிட் செய்தார்கள்" என்று பக்கத்து சீட் பெண் கேட்டபோதுதான், இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தருவதில்லை என்று உறைத்தது.

முதலில் சிக்கல் கிளப்புவது கோடு தேடும் மென்பொருளான என்கோடர்தான். "செரிபெல்லர் (சிறுமூளை) ஸ்ட்ரோக்" என்று தட்டினால் ஜி46.4, செரிபெல்லர் ஸ்ட்ரோக் சிண்ட்ரோம், கண்ணில் படும். பெயர் அச்சாகப் பொருந்துவதால் புதியவர்கள் அதையே முதன்மை டயக்னோசிஸாக எடுத்துவிடுவார்கள். ஆனால் ஜி46 பிரிவின் தலைப்பிலேயே, அடிப்படை மூளை ரத்தநாள நோயை முதலில் கோடு செய்யவேண்டும் என்ற குறிப்பு இருக்கிறது. ஐ60 முதல் ஐ69 வரையுள்ள கோடு ஒன்று முன்னால் நிற்காமல் ஜி46.4 தனியாக வர முடியாது. அதுவும் டாக்டர் அந்த சிண்ட்ரோமைப் பெயர் சொல்லி எழுதியிருந்தால்தான் அதை எடுப்பதைப் பற்றி யோசிக்கவேண்டும். வாலன்பர்க் சிண்ட்ரோம் என்று எழுதியிருந்தால் அது மூளைத்தண்டு பக்கம் போய் ஜி46.3-இல் சேரும். சிறுமூளையின் கீழ்ப்பகுதிக்கு ரத்தம் கொடுக்கும் தமனியே மூளைத்தண்டின் அடிப்பகுதியான மெடுல்லாவின் பக்கவாட்டுக்கும் கொடுப்பதால் இரண்டும் ஒரே நோயாளியிடம் சேர்ந்து வருவது உண்டு.

அடுத்தது இந்தத் தலைப்பில் நான் மிகவும் முக்கியமாக நினைப்பது. நாங்கள் பயன்படுத்தும் அமெரிக்க நோய்க் கோடுப் பட்டியலான ஐசிடி-10-சிஎம் ஸ்ட்ரோக்கைப் பார்க்கும் விதம் ரத்தக்கசிவுக்கு ஒன்று, அடைப்புக்கு வேறொன்று. ரத்தக்கசிவு என்றால் மூளையின் எந்த இடம் என்று கேட்கும். சிறுமூளையில் கசிவு என்றால் ஐ61.4, வேலை முடிந்தது. வலதா இடதா என்றுகூடக் கேட்காது. அடைப்பால் வந்த இன்ஃபார்க்ட் (ரத்தம் போகாமல் திசு செத்த பகுதி) என்றால் மூளையின் இடத்தை அது பொருட்படுத்துவதே இல்லை. எந்தத் தமனி, என்ன காரணம், எந்தப் பக்கம் என்ற மூன்றைத்தான் கேட்கும். டாக்டர்கள் எழுதுவதோ இடத்தை. "அக்யூட் லெஃப்ட் செரிபெல்லர் இன்ஃபார்க்ட்" என்று அவர்கள் எழுதும்போது மருத்துவ ரீதியாக எல்லாம் சொல்லிவிட்டதாக நினைக்கிறார்கள். இண்டெக்ஸில் போய்ப் பார்த்தால் செரிபெல்லர் இன்ஃபார்க்ட், செரிபிரல் இன்ஃபார்க்டைப் பார் என்று திருப்பி அனுப்பும். தமனியும் காரணமும் இல்லாமல் அங்கே போனால், விவரம் குறிப்பிடப்படாத இன்ஃபார்க்ட்டுக்கான ஐ63.9-இல் போய் நிற்போம்.

முழு விவரம் இருந்தால் கோடு அழகாக விரியும். ஐ63-க்கு அடுத்த எழுத்து காரணம்: மூளைத் தமனிகளில் த்ராம்போசிஸ் (அங்கேயே உறைந்த ரத்தக்கட்டி) என்றால் 3, எம்பாலிசம் (வேறிடத்திலிருந்து வந்து அடைத்த கட்டி) என்றால் 4, அடைப்பு அல்லது சுருக்கம் என்று மட்டும் தெரிந்து காரணம் தெரியாவிட்டால் 5. அதற்கடுத்தது தமனி, சிறுமூளைத் தமனிக்கு 4. கடைசி எழுத்து பக்கம்: வலது 1, இடது 2, இரண்டும் 3, குறிப்பிடப்படாதது 9. ஆக, இடது சிறுமூளைத் தமனியில் எம்பாலிசத்தால் வந்த இன்ஃபார்க்ட் ஐ63.442. வலதில் த்ராம்போசிஸ் என்றால் ஐ63.341.

சிறுமூளைத் தமனி என்று டாக்டர்கள் நேராக எழுதமாட்டார்கள். பைக்கா, ஐக்கா, எஸ்சிஏ என்று மூன்று சுருக்கப் பெயர்கள்தான் வரும். கீழ்ப்புறம் பின்னால் இருப்பது பைக்கா, அது வெர்டிப்ரல் தமனியிலிருந்து பிரிகிறது. கீழ்ப்புறம் முன்னால் இருப்பது ஐக்கா. மேலே இருப்பது எஸ்சிஏ. பின் இரண்டும் பேசிலார் தமனியின் கிளைகள். மூன்றுமே கோடிங்கில் சிறுமூளைத் தமனிதான். ஆனால் அடைப்பு மூலத்தில் இருக்கிறது, அதாவது வெர்டிப்ரல் தமனியின் த்ராம்பஸால்தான் இந்த இன்ஃபார்க்ட் என்று டாக்டர் எழுதினால், கோடு ஐ63.01 வரிசைக்குப் போய்விடும். பேசிலார் என்றால் ஐ63.02. சேதம் சிறுமூளையில் இருந்தாலும் கோடு சிறுமூளைத் தமனியில் இருக்காது. இதைப் புதியவர்களுக்குப் புரியவைக்க நான் வெள்ளைப் பலகையில் ரத்தநாளப் படம் வரைந்துவிடுவேன். படம் இல்லாமல் இது மண்டையில் ஏறாது.

"பைக்கா டெரிட்டரி இன்ஃபார்க்ட்" என்று மட்டும் எழுதியிருந்தால்? டெரிட்டரி என்பது அந்தத் தமனி பாசனம் செய்யும் பகுதி. அந்தத் தமனி அடைத்தது என்று டாக்டர் சொல்லவில்லை. இதை ஐ63.54 வரிசையில் எடுக்கலாம் என்று சொல்லும் ஆடிட்டரையும் (நாங்கள் போட்ட கோடுகளைச் சரிபார்ப்பவர்), கூடாது என்று சொல்லும் ஆடிட்டரையும் பார்த்திருக்கிறேன். என் கணக்கில் இது டாக்டரிடம் கேட்டுத் தெளிய வேண்டிய இடம். அதற்கு முன் உங்கள் கிளையண்ட்டின், அதாவது சார்ட் அனுப்பும் ஆஸ்பத்திரியின், எழுதப்பட்ட வழிகாட்டுதலைப் பாருங்கள், அதில் பதில் இருந்தால் வாக்குவாதம் மிச்சம்.

காரணத்தில் வரும் பெரிய பொறி ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஏஃபிப்), அதாவது இதயத்துடிப்பு ஒழுங்கு தப்புவது. நோயாளிக்கு ஏஃபிப் இருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடாமல் விட்டிருக்கிறார், சிறுமூளையில் இன்ஃபார்க்ட் வந்திருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட இதயத்திலிருந்து கட்டி போனது என்று சொல்லிவிடும். கோடர் சொல்லக்கூடாது. "கார்டியோஎம்பாலிக்" என்றோ "ஏஃபிப் காரணமாக எம்பாலிக் ஸ்ட்ரோக்" என்றோ டாக்டர் எழுதினால்தான் ஐ63.4. நியூராலஜி கன்சல்ட்டின் கடைசிப் பத்தியில் இது ஒளிந்திருக்கும். பல கோடர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியோடு நிறுத்திவிட்டு ஐ63.9 போடுவார்கள். கன்சல்டன்ட் எழுதியதை, நோயாளிக்குப் பொறுப்பான அட்டெண்டிங் டாக்டர் மறுத்து எழுதாதவரை, தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். நான் ஸ்ட்ரோக் சார்ட்டில் முதலில் திறப்பதே நியூராலஜி நோட்டைத்தான்.

இங்கே ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். ஐ63.9 போட்டாலும் ஐ63.442 போட்டாலும் மெடிகேர் (அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடு) பணம் கொடுக்கும் பிரிவான டிஆர்ஜி மாறாது. இரண்டும் 064, 065, 066 என்ற அதே குடும்பத்தில்தான் விழும். "பணம் மாறாதபோது எதற்கு அக்கா இவ்வளவு தோண்டணும்" என்று கேட்பவர்கள் உண்டு. ஆடிட்டில் 95 சதவீதம் எடுக்கவேண்டிய இடத்தில் முதன்மை டயக்னோசிஸ் தவறு என்று வந்தால் அந்த மாத மதிப்பெண் படுத்துவிடும் என்பது நடைமுறைப் பதில். இன்னொரு பதிலும் உண்டு. எத்தனை பேருக்கு எந்தத் தமனியில் என்ன காரணத்தால் ஸ்ட்ரோக் வந்தது என்று பின்னால் யாராவது எண்ணிப் பார்த்தால், அவர்கள் எண்ணுவது நாம் போட்ட கோடுகளைத்தான்.

பக்கம் என்ற விஷயத்தில் உடற்கூறு தெரியாதவர்கள் தடுமாறுவார்கள். பெருமூளையில் இடதுபக்கம் அடைத்தால் வலதுபக்கம் விழும். சிறுமூளையில் அப்படி இல்லை. இடது சிறுமூளை கெட்டால் இடது கைதான் தடுமாறும். "இடது சிறுமூளை இன்ஃபார்க்ட், இடது கையில் டிஸ்மெட்ரியா" (கை அசைவு இலக்குத் தவறுவது) என்று பார்த்ததும், டாக்டர் பக்கத்தை மாற்றி எழுதிவிட்டார் என்று டாக்டரிடம் விளக்கம் கேட்கும் க்வெரி எழுதத் தயாரான ஒரு பயிற்சியாளரைத் தடுத்து நிறுத்தியிருக்கிறேன். மறுபுறம், உண்மையிலேயே முரண்பாடு இருக்கும் சார்ட்களும் வரும். அட்மிட் ஆனபோது எழுதும் ஹெச் அண்ட் பியில் வலது, எம்ஆர்ஐயில் இடது, டிஸ்சார்ஜ் சம்மரியில் மறுபடியும் வலது. காப்பி பேஸ்ட் செய்த வியாதி அது. பக்கத்தை டாக்டர் எழுதாவிட்டால் நர்ஸ், தெரபிஸ்ட் போன்ற மற்ற மருத்துவப் பணியாளர்களின் குறிப்பிலிருந்து எடுக்க வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. முரண்பட்டால் மட்டும் அட்டெண்டிங்கைக் கேட்டே ஆகவேண்டும். மூன்றில் இரண்டு வலது என்று ஓட்டு எண்ணக்கூடாது.

என்ஐஹெச்எஸ்எஸ் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். இது 0 முதல் 42 வரை போகும் மதிப்பெண். பேச்சு, முகம், கை, கால் பலம் இவற்றுக்கே பெரும்பங்கு மதிப்பெண். கை கால் தடுமாற்றத்துக்கு அதிகபட்சம் 2 தான். நடக்க வைத்துப் பார்ப்பது அதில் இல்லவே இல்லை. அதனால் எழுந்து நிற்கக்கூட முடியாத சிறுமூளை நோயாளி படுக்கையில் படுத்தபடி 0 வாங்கிவிடவும் கூடும். மதிப்பெண் 0 என்றால் கோடு போடத் தேவையில்லை என்று பலர் நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். 0-க்கும் கோடு இருக்கிறது, ஆர்29.700. 2016 அக்டோபரிலிருந்து நடைமுறையில் உள்ள இந்த வரிசை ஆர்29.742 வரை போகிறது. குறைந்தபட்சம் முதலில் பதிவான மதிப்பெண்ணைக் கோடு செய்யவேண்டும். நர்ஸ் பதிந்திருந்தாலும் எடுக்கலாம், ஆனால் ஸ்ட்ரோக் என்ற டயக்னோசிஸ் டாக்டருடையதாக இருக்கவேண்டும். ஸ்ட்ரோக் இறப்பு விகிதத்தை வைத்து ஆஸ்பத்திரிகளை ஒப்பிடும்போது நோய் எவ்வளவு தீவிரமாக இருந்தது என்று பார்க்க இந்த மதிப்பெண்தான் உதவுகிறது. அதனால் கிளையண்ட்டுகள் இதில் கறாராக இருப்பார்கள். இந்தக் கோடு இன்ஃபார்க்ட்டுக்கு மட்டுமே. முன்னால் ஐ63 இருக்கவேண்டும் என்று அதன் குறிப்பே சொல்கிறது. ஐ61.4 போட்ட சிறுமூளை ரத்தக்கசிவுச் சார்ட்டில் நர்ஸ் அழகாக மதிப்பெண் பதிந்து வைத்திருப்பார், கை பரபரக்கும், சேர்க்கக்கூடாது.

அட்டாக்சியா (உடல் இயக்கத் தடுமாற்றம்) ஆர்27.0, வாய் குழறல் ஆர்47.1, விழுங்குவதில் சிரமம் ஆர்13.1 வரிசை, கண் துடித்தல் ஹெச்55.0 வரிசை. ஸ்ட்ரோக்கால் வந்த நரம்பியல் குறைபாடுகள் இவை, டாக்டர் எழுதியிருந்தால் கூடுதலாக எடுக்கிறோம். தலைசுற்றலையும் வாந்தியையும் தனியாக எடுப்பதில்லை. பிசியோதெரபிஸ்ட் "நடை தள்ளாடுகிறது, இருவர் பிடித்து நடத்தவேண்டியிருக்கிறது" என்று எழுதியதை வைத்து மட்டும் அட்டாக்சியா போட முடியாது. எனக்கு இதில் சொந்த வருத்தம் உண்டு, ஒரு காலத்தில் அந்தக் குறிப்புகளை எழுதியவள் நான். ஆனால் அதே குறிப்பு க்வெரிக்கு நல்ல ஆதாரம்.

இப்போது மூன்றாம் நாள் கதைக்கு வருகிறேன். சிறுமூளை இருக்கும் இடம் மண்டை ஓட்டின் பின்பக்கக் குறுகிய அறை. இன்ஃபார்க்ட் வீங்கினால் நகர இடம் கிடையாது. முன்னால் இருக்கும் நான்காவது வென்ட்ரிக்கிள் (மூளை நீர் அறை) நசுங்கும், மூளை நீர் தேங்கும், மூளைத்தண்டு அழுந்தும். பெரிய சிறுமூளை இன்ஃபார்க்ட்டில் இந்த வீக்கம் மூன்றாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போகும் என்பதால்தான், முதல் நாள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவரைக்கூட ஐசியூவில் வைத்துப் பார்க்கிறார்கள். சார்ட்டில் இதன் தடயங்கள் சிதறிக் கிடக்கும். ரேடியாலஜி ரிப்போர்ட்டில் "மாஸ் எஃபெக்ட்", "நான்காவது வென்ட்ரிக்கிள் ஒடுங்கியுள்ளது". மருந்துப் பட்டியலில் மன்னிட்டால் அல்லது 3 சதவீத சலைன். நர்ஸ் குறிப்பில் "தூக்கம் அதிகம், எழுப்பினால் விழிக்கிறார்". நியூரோசர்ஜன் நோட்டில் மண்டையோட்டின் பின்புறம் திறந்து அழுத்தம் குறைப்பது பற்றிய ஆலோசனை. டிஸ்சார்ஜ் சம்மரியில் மட்டும் "செரிபெல்லர் சிவிஏ (ஸ்ட்ரோக்), ஸ்டேபிள்".

மூளை வீக்கம் ஜி93.6, மூளை அழுத்தம் ஜி93.5. இரண்டும் எம்சிசி, அதாவது டிஆர்ஜி பணத்தை மிக உயர்த்தும் கூடுதல் நோய்கள். அடைப்பால் தேங்கிய மூளை நீர் ஜி91.1, அது ஒரு படி குறைந்த சிசி. 066-க்கும் 064-க்கும் இடையிலான தூரம் இங்கேதான் தீர்மானமாகிறது. அறுவை செய்திருந்தால் சார்ட் முழுதாக கிரேனியாட்டமி டிஆர்ஜிகளுக்குப் போய்விடும். ஆனால் ரேடியாலஜிஸ்ட்டின் "மாஸ் எஃபெக்ட்" என்ற சொல்லை வைத்து நாமாக ஜி93.5 போடக்கூடாது. உள்நோயாளிக் கோடிங்கில் டயக்னோசிஸ் நோயாளியைப் பார்த்த டாக்டரிடமிருந்து வரவேண்டும். அவர் ஒரே ஒருமுறை "எடிமா" (வீக்கம்) என்று எழுதிவிட்டு அதற்கு எந்தச் சிகிச்சையும் கண்காணிப்பும் இல்லையென்றால் அதுவும் ஆபத்து. காப்பீட்டு நிறுவனம் மறுத்து அனுப்பும் முதல் கோடு அதுவாகத்தான் இருக்கும்.

அட்மிட் ஆகும்போதே நோய் இருந்ததா என்று காட்டும் பிஓஏ குறியீட்டையும் இங்கே கவனியுங்கள். ஸ்ட்ரோக்கோடு வந்தார், எனவே இன்ஃபார்க்ட்டுக்கு ஒய் (ஆம்). மூன்றாம் நாள் உருவான வீக்கத்துக்கு 'என்' (இல்லை). எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒய் போட்டுக்கொண்டே போவது இரவு ஷிப்ட் கோடர்களின் தேசிய வியாதி.

க்வெரி எழுதுவது தனிக் கலை. எங்களில் பலருக்கு டாக்டரிடம் நேராகப் பேச வழியில்லை. நாங்கள் எழுதுவது மருத்துவப் பதிவுகளைத் தெளிவாக்கும் வேலை பார்க்கும், அமெரிக்காவிலுள்ள சிடிஐ குழு வழியாகப் போகும், பதில் வரும்வரை பில் நிற்கும். அதனால் ஒரே தடவையில் புரியும்படி எழுதவேண்டும். இந்தத் துறையின் அமெரிக்க அமைப்புகளான அஹிமாவும் ஏசிடிஐஎஸ்ஸும் சேர்ந்து 2022-இல் புதுப்பித்த க்வெரி வழிகாட்டுதலை ஒருமுறையாவது முழுதாகப் படித்துவிடுங்கள். "இந்த நோயாளிக்குச் செரிபிரல் எடிமா இருக்கிறதல்லவா?" என்று கேட்பது விடையை வாயில் ஊட்டுவது. க்வெரியின் தலைப்பில் "செரிபிரல் எடிமா க்வெரி" என்று போடுவதும் அதே தவறுதான். டிஆர்ஜி, பணம் பற்றி மூச்சே விடக்கூடாது.

நான் எழுதும் முறை இது. முதலில் ஆதாரங்கள், தேதியோடும் எந்த நோட்டிலிருந்து என்பதோடும்: இந்தத் தேதி சிடியில் நான்காவது வென்ட்ரிக்கிள் ஒடுங்கியது, அதே நாள் மாலை 3 சதவீத சலைன் தொடங்கியது, நர்ஸ் குறிப்பில் விழிப்பு நிலை குறைந்தது, நியூரோசர்ஜரி கன்சல்ட் கேட்கப்பட்டது. பிறகு கேள்வி: மேற்கண்டவை எந்த டயக்னோசிஸைக் குறிக்கின்றன என்று உங்கள் மருத்துவக் கருத்தின்படி பதிவு செய்யவும். பிறகு விடைகள்: மூளை வீக்கம், மூளை அழுத்தம், அடைப்பு வகை ஹைட்ரோகெஃபலஸ் (மூளை நீர்த் தேக்கம்), வேறு ஏதாவது இருந்தால் எழுதவும், மருத்துவ ரீதியாகத் தீர்மானிக்க இயலவில்லை. கடைசி இரண்டும் இல்லாத க்வெரி ஆடிட்டில் நிற்காது. தமனி, காரணம், பக்கம் மூன்றும் இல்லாத சார்ட்டுக்கு மூன்று தனி க்வெரி அனுப்பாதீர்கள். ஒரே க்வெரியில் கேளுங்கள். ஒரே நோயாளிக்காக மூன்று முறை தொந்தரவு செய்த கோடரின் நான்காவது க்வெரியை எந்த டாக்டரும் திறந்து பார்க்கமாட்டார்.

"ப்ராபபிள் செரிபெல்லர் ஸ்ட்ரோக்" என்று டிஸ்சார்ஜின்போது எழுதியிருந்தால் உள்நோயாளிக் கோடிங்கில் அதை உறுதியான நோயாகவே எடுக்கவேண்டும். வெளிநோயாளி என்றால் எடுக்கக்கூடாது, தலைசுற்றல் ஆர்42 போன்ற அறிகுறியோடு நின்றுவிடவேண்டும். சிறுமூளை விஷயத்தில் இந்த "ப்ராபபிள்" அதிகம் வரும். சிடி ஸ்கேனில் பின்பக்க எலும்புகளின் நிழல் விழுந்து சிறுமூளை தெளிவாகத் தெரியாது. எம்ஆர்ஐகூட முதல் ஓரிரு நாளில் சிலருக்கு வெறுமையாக வரும். "டிஐஏ" (தானே மறையும் தற்காலிக ரத்த ஓட்டத் தடை) என்று டாக்டர் எழுதி, எம்ஆர்ஐயில் சிறுமூளையில் புதிய புள்ளி இன்ஃபார்க்ட் என்று வந்தால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. அறிகுறி மறைந்துவிட்டாலும் புதிய இன்ஃபார்க்ட் இருந்தால் அதை டிஐஏ என்று சொல்லமுடியாது என்பதுதான் இன்றைய நரம்பியல் வரையறை. ஜி45.9 போட்டு மூடிவிடாமல் கேளுங்கள். வேறு ஆஸ்பத்திரியில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் டிபிஏ மருந்து போட்டு 24 மணி நேரத்துக்குள் இங்கே மாற்றியிருந்தால் இசட்92.82 சேர்க்க மறக்கவேண்டாம். எம்சிசி இல்லாவிட்டால் அது 065-இல் கொண்டுபோய் விடும்.

நடுவில் கொஞ்சம் ஊர்ப்பக்கம். எங்கள் உறவில் ஒருவருக்குத் திடீரென்று தலைசுற்றலும் வாந்தியும் வந்தபோது வீட்டில் எல்லோரும் பித்தம் என்றார்கள். எலுமிச்சை, இஞ்சி எல்லாம் ஆனது. நடக்கச் சொன்னபோது சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை என்பதைக் கேட்ட பிறகுதான், இது வயிற்றுக் கோளாறாகத் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பிவைத்தேன். முகம், கை, பேச்சு மூன்றை மட்டும் பார்க்கும் பழைய சோதனையில் சிறுமூளை ஸ்ட்ரோக் தப்பிவிடும் என்பதால்தான் சமநிலையையும் கண்ணையும் சேர்த்து பி-ஃபாஸ்ட் என்று இப்போது சொல்லித் தருகிறார்கள். அவர் தேறிவிட்டார். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்தால் "சிவிஏ" என்ற மூன்று எழுத்துதான். எந்தப் பக்கம், எந்தத் தமனி, காரணம் என்ன, வீட்டுக்குப் போகும்போது என்ன குறை மிச்சம் இருந்தது, எதுவும் இல்லை. நம் ஊர் காப்பீட்டு கிளெய்ம் படிவத்தில் ஆஸ்பத்திரி நிரப்பும் பகுதியிலும் ஐசிடி-10 கோடுக்கு இடம் இருக்கிறது. அங்கே இருக்கிற ஒருவர் இந்தச் சம்மரியைப் பார்த்துத்தான் அதை நிரப்பவேண்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால், கிளம்புவதற்கு முன் இந்த நான்கையும் சம்மரியில் எழுதித் தரும்படி டாக்டரிடம் பணிவாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எம்ஆர்ஐ ரிப்போர்ட்டைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.

கடைசியாக, டிஸ்சார்ஜுக்குப் பிறகு. ஐ63 என்பது அந்த அட்மிஷனுக்கு உரியது. ஆறு மாதம் கழித்து நோயாளி கிளினிக்குக்கு வரும்போது "சிவிஏ" என்று டாக்டர் எழுதினார் என்று ஐ63.9 போடுவது, வெளிநோயாளி கோடிங்கில் அதிகம் பிடிபடும் தவறுகளில் ஒன்று. அமெரிக்க சுகாதாரத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் மெடிகேர் அட்வான்டேஜ் (தனியார் நிறுவனங்கள் வழியான மெடிகேர்) ஆடிட்களில் தனியாகக் குறிவைத்துத் தேடுவதே இதைத்தான்: வெளிநோயாளி பில்லில் அக்யூட் ஸ்ட்ரோக் கோடு, ஆனால் அதற்குப் பொருந்தும் உள்நோயாளிப் பதிவு கிடையாது.

நடை தள்ளாட்டம் இன்னும் மிச்சம் இருந்தால் ஐ69.393. வாய் குழறல் மிச்சம் என்றால் ஐ69.322. விழுங்குவதில் சிரமம் என்றால் ஐ69.391, கூடவே அதன் வகைக்கு ஆர்13.1 வரிசை. வந்தது ரத்தக்கசிவு என்றால் அட்டாக்சியாவுக்கு ஐ69.193. எதுவும் மிச்சம் இல்லையென்றால் இசட்86.73, அதோடு ஐ69 வரக்கூடாது. நடுவில் ஒரு வகை நோயாளி உண்டு. "பரவாயில்லை டாக்டர், எப்போதாவது தலை சுத்துது" என்பார். அந்தத் தலைசுற்றல் ஸ்ட்ரோக்கின் மிச்சமா, பிரஷர் மாத்திரையின் விளைவா, காதுக் கோளாறா என்று டாக்டர் எழுதாதவரை அது ஆர்42 மட்டுமே. பழைய ஸ்ட்ரோக்குக்கு இசட்86.73 பக்கத்தில் இருக்கட்டும்.